கூடு விட்டுக் கூடு பாய்தல்: இயங்குதளம் டிஸ்க் மாறிய கதை

ஒரு ஹார்ட் டிஸ்க்கில் உள்ள எல்லா ஃபைல்களையும் ஒன்று விடாமல் இன்னொரு ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணுகிறீர்கள். மறைந்திருக்கும் ஃபைல்களையும் சேர்த்துத்தான். எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை சரி, அளவும் சரி. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். கறுப்புத் திரை. பூட் பண்ண ஒன்றுமே இல்லை என்று ஒரு வரி, அதன் பக்கத்தில் மினுக்கிக்கொண்டு ஒரு கோடு.

பாட்டை காப்பி பண்ணினால் பாடுகிறது. சினிமாவை காப்பி பண்ணினால் ஓடுகிறது. இயங்குதளத்தை காப்பி பண்ணினால் மட்டும் ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது? அதுவும் ஃபைல்கள்தானே?

பொறியியல் கல்லூரியில் எங்களுக்கு 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ்' என்று ஒரு முழுப் பாடம் இருந்தது. ஷெட்யூலிங், பேஜிங், டெட்லாக் எல்லாம் பக்கம் பக்கமாகப் படித்தோம். ஆனால் அது எங்கே குடியிருக்கிறது, அந்த வீட்டைக் காலி பண்ணி வேறு வீட்டுக்குப் போக முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. வேலைக்கு வந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆன பிறகு நான் அந்தக் கேள்வியைத் தேடிப் போனேன். கிடைத்தது ஐம்பது வருட வரலாறு. ஓர் இயங்குதளத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதில் இருந்திருக்கிறது. பதில் மாற மாற, அதை இடம் மாற்றும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதும் மாறியிருக்கிறது.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு: கூடு விட்டுக் கூடு பாய்தல். பெரிய புராணம் சொல்லும் திருமூலர் கதை தெரிந்திருக்கும். கயிலையிலிருந்து வந்த யோகி, சாத்தனூரில் மாடு மேய்க்கும் மூலன் இறந்து கிடப்பதையும் பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுவதையும் பார்க்கிறார். தன் உடலை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுகிறார். பசுக்கள் சமாதானம் ஆகிவிடுகின்றன. மூலனின் மனைவி ஆகவில்லை. உடல் அதேதான், ஆனால் ஆள் அவன் இல்லை. மறுபடி தேடிப் போனால் மறைத்து வைத்த பழைய உடலும் காணோம். திரும்பிப் போக வழியில்லை.

டிஸ்க் மாற்றுகிறவர்கள் இந்தக் கதையின் எல்லாக் கட்டத்தையும் ஏதோ ஒரு நாளில் அனுபவிப்பார்கள்.

*

1970. நியூ ஜெர்சி, மர்ரே ஹில், பெல் ஆய்வகம். கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் பி.டி.பி.-7 என்ற பழைய மெஷினில் ஒரு சின்ன இயங்குதளத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதுதான் யூனிக்ஸ். தொடக்கத்தில் அதன் நிரல்களை வேறொரு பெரிய ஜி.இ. கம்ப்யூட்டரில் தயார் செய்து, துளையிட்ட காகித நாடாவாக எடுத்து, அந்த நாடாவைக் கையில் தூக்கிக்கொண்டு பி.டி.பி.-7க்கு நடந்தார்கள். இயங்குதளம் முதன்முதலில் இடம் பெயர்ந்தது மனிதக் கால்களில்தான்.

பிறகு புது மெஷின் ஒன்று வாங்க அனுமதி கிடைத்தது: பி.டி.பி.-11. காப்புரிமைத் துறைக்கு ஆவணங்கள் தயாரித்துத் தருகிறோம் என்று சொல்லித்தான் அந்தப் பணத்தை வாங்கினார்கள். கோடை முடியும்போது பிராசஸர் வந்து இறங்கிவிட்டது. டிஸ்க் வரவில்லை. அந்த மாடல் அவ்வளவு புதுசு என்பதால், டிசம்பர் வரை டிஸ்க்கே கிடைக்கவில்லை. நினைவகத்தில் மட்டும் ஓடும் அரைகுறை யூனிக்ஸ் ஒன்றை எழுதிப் பார்த்தார்கள். மீதி நேரமெல்லாம் அந்த மெஷின் ஒரு மூலையில் உட்கார்ந்து, 6×8 சதுரங்கப் பலகையில் குதிரை எல்லாக் கட்டத்தையும் ஒருமுறை தொட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்பும் வழிகள் மொத்தம் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தது. மூன்று மாத வேலை அது. ரிட்சி பின்னாளில் எழுதிய யூனிக்ஸ் வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

எனக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். உடல் இருக்கிறது, உயிர் தயாராக இருக்கிறது. உயிர் தங்க ஒரு கூடு வரவில்லை. அதனால் உடல் உட்கார்ந்து குதிரை எண்ணுகிறது.

டிஸ்க் வந்ததும் வேலை மளமளவென்று முடிந்தது. அதன் கொள்ளளவு 512 கிலோபைட். இன்று மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் பிடிக்காது. நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 இயங்குதளத்துக்கு, மீதி 8 பயனரின் நிரலுக்கு. 1971இன் இரண்டாம் பாதியில் காப்புரிமைத் துறையின் தட்டச்சாளர்கள் மூன்று பேர் நாள் முழுக்க அதில் விண்ணப்பங்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். டிஸ்க் அவ்வளவு சின்னது என்பதால், அவர்கள் சில மணி நேரம் வேலை பார்த்தாலே எதையாவது எடுத்து டெக்டேப் நாடாவில் போட்டு இடம் பண்ண வேண்டியிருந்தது. டிஸ்க் ஃபுல் என்ற தலைவலிக்கு யூனிக்ஸின் வயதே ஆகிறது.

*

அந்தத் தலைவலி ஒரு வடுவை விட்டுப் போயிருக்கிறது. இன்று உங்கள் லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தால் அதிலும் அதைப் பார்க்கலாம்.

1974இல் தாம்ப்சனும் ரிட்சியும் யூனிக்ஸ் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் தங்கள் மெஷினின் அமைப்பை விவரிக்கிறார்கள். 'ரூட்', அதாவது கோப்பு மரத்தின் வேர், சின்னதும் வேகமானதுமான நிலைத்த டிஸ்க்கில் இருந்தது. பயனர்களின் ஃபைல்கள் பெரிய டிஸ்க்கில் இருந்தன. மெஷின் எழுந்ததும் அந்தப் பெரிய டிஸ்க்கை மரத்தின் ஒரு கிளையாக ஒட்டவைப்பார்கள். அந்தக் கிளையின் பெயர் 'யூஎஸ்ஆர்'. யூசர் என்பதில் ஓர் எழுத்தைச் சுருக்கிய பெயர், அவ்வளவுதான்.

இயங்குதளம் வளர்ந்தது. கமாண்டுகள் கூடின. அவை வசித்த 'பின்' என்ற ஃபோல்டர் ரூட் டிஸ்க்கில் அடங்கவில்லை. என்ன பண்ணுவது? பயனர் டிஸ்க்கில்தான் இடம் இருக்கிறதே! அங்கே இன்னொரு 'பின்' ஃபோல்டரை உருவாக்கி, அடங்காததையெல்லாம் அங்கே தள்ளினார்கள். வீட்டில் இடம் போதாமல் பக்கத்து வீட்டுத் திண்ணையில் மூட்டை வைப்பது மாதிரி. ஒரே ஒரு விதி மட்டும் தேவைப்பட்டது: இரண்டாவது டிஸ்க்கை ஒட்டவைக்கும் 'மவுன்ட்' என்ற கமாண்டு முதல் டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும். பூட்டுக்குச் சாவி அந்தப் பூட்டிய அறைக்குள்ளேயே இருந்தால் திறப்பது எப்படி?

கொஞ்ச வருடங்களில் பெரிய டிஸ்க்குகள் வந்தன. பிரிவுக்கான காரணம் போய்விட்டது. பிரிவு போகவில்லை. அடுத்த தலைமுறைக்கு அது காரணம் தெரியாத சடங்கு. சடங்கு என்று வந்துவிட்டால் விளக்கமும் தானாக வந்துவிடும். ரூட்டில் இருப்பவை 'அத்தியாவசியம்', யூஎஸ்ஆர்-இல் இருப்பவை 'மற்றவை' என்று தத்துவம் சொன்னார்கள். யூஎஸ்ஆர் என்றால் 'யூனிக்ஸ் சிஸ்டம் ரிசோர்சஸ்' என்று புது விரிவாக்கம்கூடக் கொடுத்தார்கள். 1994இல் லினக்ஸுக்கான கோப்பு அமைப்புத் தர ஆவணத்திலும் இந்தப் பிரிவு முறையாக இடம்பெற்றது. ஃபெடோரா லினக்ஸ் 2012இல் வந்த 17ஆம் பதிப்பில்தான் இரண்டு 'பின்'களையும் ஒன்றாக்கியது. டெபியன் அந்த வேலையை முழுமையாக ஏற்றது 2023இல் வந்த 12ஆம் பதிப்பில்.

1970களின் தொடக்கத்தில் ஒரு டிஸ்க் நிறைந்தது. அதைத் துடைத்துச் சுத்தம் பண்ண நாற்பது, ஐம்பது வருடங்கள். 'லெகசி' என்ற சொல்லை மீட்டிங்கில் யாராவது சலிப்போடு சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த டிஸ்க்தான் ஞாபகம் வரும். அந்தப் பழைய முடிவு முட்டாள்தனமானது அல்ல. அன்றைக்கு அதுதான் சரி. காரணத்தை எழுதி வைக்காமல் விட்டதுதான் பிரச்சினை.

*

பெர்சனல் கம்ப்யூட்டருக்கு வருவோம். 1981இல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது அதில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. 1983 மார்ச்சில் வந்த எக்ஸ்.டி. மாடலில்தான் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் வந்தது. அதோடு ஒரு சம்பிரதாயமும் வந்தது. டிஸ்க்கின் முதல் செக்டர் யாருக்கும் சொந்தமான ஃபைல் இல்லை. அது எந்த ஃபோல்டரிலும் தெரியாது. அதற்குப் பெயர் மாஸ்டர் பூட் ரெக்கார்ட்.

512 பைட். அதில் 446 பைட் நிரலுக்கு, 64 பைட் டிஸ்க் எப்படிப் பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணைக்கு, கடைசி 2 பைட் 'நான் பூட் ஆவேன்' என்ற முத்திரைக்கு. மதர்போர்டில் உள்ள பயாஸ் இந்த ஒரு செக்டரை மட்டும் எடுத்து நினைவகத்தின் 31,744ஆவது இடத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஏன் அந்த எண்? 32 கிலோபைட் நினைவகமே போதும் என்று இருந்த காலத்தில், கடைசிக் கிலோபைட்டின் தொடக்கம் அது. மெஷினில் கிகாபைட் கணக்கில் நினைவகம் வந்த பிறகும் பயாஸ் அதே இடத்தில்தான் வைத்துக்கொண்டிருந்தது.

512 பைட் எவ்வளவு சின்னது என்றால், யூனிகோடின் வழக்கமான முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் ஆகும். 170 குறியீடுகளோடு தீர்ந்துவிடும். இந்தப் பத்தியைக்கூட அதில் அடைக்க முடியாது. பிரம்மாண்டமான இயங்குதளம் இந்த ஊசித் துளை வழியாகத்தான் தினமும் காலையில் உலகத்துக்குள் வந்துகொண்டிருந்தது.

கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு முதல் பதில் இதுதான். ஃபைல்களை காப்பி பண்ணினீர்கள். ஃபைல் அல்லாத இந்த 512 பைட்டை விட்டுவிட்டீர்கள்.

டாஸ் காலத்தில் இதற்கும் மேலே ஒரு சிக்கல் இருந்தது. ஐ.பி.எம். டாஸின் உயிர் இரண்டு மறைவான சிஸ்டம் ஃபைல்களில் இருந்தது. அவை டிஸ்க்கில் இருந்தால் மட்டும் போதாது. கோப்புப் பட்டியலின் முதல் இரண்டு இடங்களில் அவைதான் இருக்க வேண்டும். பூட் செக்டரில் இருந்த குட்டி நிரலுக்கு ஃபைலைத் தேடும் அளவு அறிவு கிடையாது. முதல் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவரைக் கூப்பிடும். அதனால் சாதாரண காப்பி கமாண்டு பிரயோஜனம் இல்லை. 'சிஸ்' என்று தனிக் கமாண்டு வைத்திருந்தார்கள். அது அந்த ஃபைல்களை அவற்றுக்குரிய நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைக்கும். இந்தக் காலத்தில் உயிர் இருந்தது இடத்தில்.

*

1990களில் உயிர் முகவரிக்கு மாறியது.

லினக்ஸுக்கு 1992இல் வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ என்ற பூட் லோடர் வந்தது. அதுவும் ஃபைல் பெயர் படிக்கத் தெரியாதது. இன்ஸ்டால் பண்ணும்போதே, கெர்னல் டிஸ்க்கின் எந்தெந்த பிளாக்கில் இருக்கிறது என்று முகவரிகளைக் குறித்துவைத்துக்கொள்ளும். பூட் ஆகும்போது அந்த முகவரிகளுக்கு நேராகப் போய்க் கதவைத் தட்டும். நீங்கள் அதே கெர்னலை வேறு டிஸ்க்குக்கு காப்பி பண்ணினால், ஃபைல் அட்சரம் பிசகாமல் அதேதான், ஆனால் வேறு பிளாக்கில் போய் உட்கார்ந்திருக்கும். லிலோ பழைய முகவரியைத் தட்டும். அங்கே வேறு யாரோ இருப்பார்கள்.

லிலோவின் அழகு அது சாகும் விதத்தில் இருந்தது. ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் தன் பெயரின் ஓர் எழுத்தைத் திரையில் போடும். முழுப் பெயர் வந்தால் பிழைத்தது. முதல் இரண்டு எழுத்தோடு நின்றால், இரண்டாம் கட்டத்தை ஏற்றியது, ஆனால் ஓட்ட முடியவில்லை என்று அர்த்தம். தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தொண்டை அடைத்துப்போகிற ஒரு நிரல்.

டிஸ்க் பெரிதானதும் வேறொரு சுவர் வந்தது. பழைய பயாஸுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் இடையிலான பேச்சில் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் வரைதான் எண்ண முடியும். ஒரு செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 52,84,82,304 பைட். அதற்கு மேல் டிஸ்க் இருந்தாலும் பயாஸுக்குக் கண் தெரியாது. 'பெரிய டிஸ்க் வாங்கி மாற்றினேன், பூட் ஆகலை' என்ற புலம்பலுக்கு அன்று இதுவும் ஒரு காரணம். அதே மாதிரி மாஸ்டர் பூட் ரெக்கார்டின் அட்டவணையில் செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள். அதனால் சுமார் 2.2 டெராபைட்டில் இன்னொரு சுவர். அதைத் தாண்டத்தான் ஜி.பி.டி. என்ற புதிய அட்டவணை முறை வந்தது.

இதற்கெல்லாம் முரட்டுத்தனமான ஒரு வழி முன்பே இருந்தது. எதையும் புரிந்துகொள்ள முயலாதே. முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை கண்ணை மூடிக்கொண்டு அப்படியே எடு. 1974இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்பில் வந்த 'டிடி' கமாண்டு அதைச் செய்யும். பெயரும் இலக்கணமும் ஐ.பி.எம். மெயின்ஃப்ரேம் மொழியைக் கிண்டலடித்து வைத்தவை. கிண்டல் ஐம்பது வருடமாக நிலைத்துவிட்டது. எதிலிருந்து, எதற்கு என்று இரண்டு பெயர்களைக் கொடுக்க வேண்டும். இடம் மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க்கின் வெறுமையை உங்கள் வாழ்க்கையின் மேல் காப்பி பண்ணிவிடும். கேள்வி கேட்காது. 'டிஸ்க் டெஸ்ட்ராயர்' என்று அதற்குப் பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை.

அந்த முரட்டு வேலைக்குக் கொஞ்சம் புத்தி சேர்த்தவர் நியூசிலாந்துக்காரர் மர்ரே ஹேசர்ட். 1995இல் பைனரி ரிசர்ச் நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய மென்பொருளின் பெயர் கோஸ்ட். 1998இல் சிமான்டெக் அதை வாங்க, நார்டன் கோஸ்ட் என்று உலகம் முழுக்கப் பரவியது. ஒரு மெஷினில் எல்லாவற்றையும் பக்குவமாக நிறுவி, அதன் பிரதியை நாற்பது மெஷின்களில் ஊற்றிவிடலாம். எங்கள் கல்லூரி லேபில் எல்லா மெஷினுக்கும் ஒரே வால்பேப்பர், ஒரே ஐகான் வரிசை இருந்ததன் ரகசியம் இந்த வகைச் சரக்குதான். பெயரைக் கவனியுங்கள். ஆவி! உயிரை இடம் மாற்றும் மென்பொருளுக்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்?

*

ஆவி நாற்பது உடலில் ஒரே நேரத்தில் புகுந்தால் என்ன ஆகும்? அடுத்த சிக்கல் அங்கே ஆரம்பம். இப்போது உயிர் இருப்பது பெயரில்.

விண்டோஸ் என்.டி. குடும்பத்தில் ஒவ்வொரு நிறுவலுக்கும் எஸ்.ஐ.டி. என்று ஒரு தனி அடையாள எண் உண்டு. குளோன் பண்ணினால் நாற்பது மெஷினுக்கும் ஒரே எண். இது ஆபத்து என்று எல்லோரும் நம்பினார்கள். மார்க் ருசினோவிச்சின் சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தில் 'நியூசிட்' என்ற கருவி இருந்தது. குளோன் ஆன மெஷினுக்குப் புது எண் கொடுப்பது அதன் வேலை. சிஸ்டம் அட்மின்கள் வருடக்கணக்கில் அதை பக்தியோடு ஓட்டினார்கள். 2009இல் ருசினோவிச், அப்போது மைக்ரோசாஃப்ட்டில் இருந்தவர், நியூசிட்டை ஓய்வுக்கு அனுப்பினார். மெஷின் எண் ஒன்றாக இருப்பதால் பிரச்சினை வரும் என்பதே கட்டுக்கதை என்று எழுதினார். கதை முடிந்தது என்று நினைத்தால், 2025இல் வந்த விண்டோஸ் அப்டேட்டுகள் அந்த எண்களைக் கறாராகச் சரிபார்க்க ஆரம்பித்தன. ஒரே எண் கொண்ட மெஷின்கள் நெட்வொர்க்கில் ஒன்றையொன்று ஏற்க மறுத்தன. கட்டுக்கதை என்று சொல்லப்பட்டது பதினாறு வருடம் கழித்து நிஜமானது.

லினக்ஸ் பக்கம் வேறு கதை. டிஸ்க்குகளுக்கு அவை மாட்டப்பட்ட வயரை வைத்துப் பெயர்: எச்டிஏ, எச்டிபி. 2006, 2007 வாக்கில் டிரைவர் அமைப்பு மாறியதும் எச்டிஏ எல்லாம் எஸ்டிஏ ஆனது. மறுநாள் காலையில் எழுந்த கெர்னல் பழைய பெயரைச் சொல்லித் தன் ரூட்டைத் தேடினால், அந்தப் பெயரில் யாருமே இல்லை. இதற்குத் தீர்வாக வந்ததுதான் யூயூஐடி. டிஸ்க் எந்த வயரில் இருந்தால் என்ன, கோப்பு அமைப்பின் உடம்பிலேயே 128 பிட் எண்ணைப் பச்சை குத்திவிடு. உபுண்டு 2006லேயே இந்த முறைக்கு மாறியது.

நல்ல தீர்வுதான். ஆனால் பிட் பிட்டாகக் குளோன் பண்ணினால் பச்சையும் சேர்ந்து வந்துவிடுமே!

ஆராய்ச்சி மாணவராக இருந்த என் நண்பர் ஒருவருக்கு இது நடந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கைப் புது எஸ்.எஸ்.டி.க்குக் குளோன் பண்ணினார். பழையதைக் கழற்றாமல், ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று அதே மெஷினில் விட்டுவைத்தார். பூட் ஆனது, எல்லாம் அப்படியே இருந்தது. "எஸ்.எஸ்.டி. போட்டும் வேகம் ஒண்ணும் பெரிசா கூடலையேடா" என்று மட்டும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று வாரம் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை எழுதினார். பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு லேப்டாப்பில் மாட்டி ஃபார்மட் அடித்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். அன்று மாலை அவருடைய மெஷின் எழுந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய நாளில் எழுந்தது.

நடந்தது இதுதான்: இரண்டு டிஸ்க்கிலும் ஒரே யூயூஐடி. கெர்னல் அந்த எண்ணைக் கேட்டது, பழைய டிஸ்க் முந்திக்கொண்டு கை தூக்கியது. மூன்று வாரமும் அவர் எழுதியது பழைய உடலில். புதிய உடல் ஓர் ஓரமாக, குளோன் ஆன நாளின் நினைவோடு உறங்கிக்கொண்டிருந்தது. அந்த அத்தியாயத்தை அவர் திரும்ப எழுதினார். இரண்டாவது வடிவம் முதல் வடிவம் அளவுக்கு வரவில்லை என்று இன்றும் சொல்வார். சரிபார்க்க அது இல்லை.

விண்டோஸ் இதில் கொஞ்சம் உஷார். மாஸ்டர் பூட் ரெக்கார்டில் உள்ள 4 பைட் கையொப்பம் இரண்டு டிஸ்க்குக்கு ஒன்றாக இருந்தால், இரண்டாவது டிஸ்க்கை 'ஆஃப்லைன்' என்று ஒதுக்கி வைத்துவிடும். ஒரு பெயருக்கு ஒருவர்தான். குளோன் முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டுத்தான் முதல் பூட் என்று அனுபவஸ்தர்கள் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

*

கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் இந்தியாவில் பல லட்சம் பழைய லேப்டாப்புகளுக்கு எஸ்.எஸ்.டி. மறுபிறவி கொடுத்திருக்கும். நான் பார்த்தவரை சென்னை ரிச்சி தெருவில் கடைக்காரர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "குளோன் பண்ணணுமா, ஃப்ரெஷ்ஷா போடணுமா?" (அந்தத் தெருவுக்கும் டென்னிஸ் ரிட்சிக்கும் எந்த உறவும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.)

அவர் கேட்பது சாதாரணக் கேள்வி இல்லை. ஃப்ரெஷ் என்றால் உங்கள் ஃபைல்கள் மட்டும் வரும், பழக்கங்கள் வராது. பிரவுசரில் திறந்து வைத்த நாற்பது டேப், எங்கேயோ மாற்றி வைத்த ஒரு செட்டிங், ஆறு வருடத்துக்கு முன் ஏதோ ஒரு பிராஜெக்ட்டுக்காக இன்ஸ்டால் பண்ணி இன்றும் தேவைப்படும் ஒரு மென்பொருள், எல்லாம் போய்விடும். குளோன் என்றால் குப்பையோடு சேர்ந்து வரும். பெரும்பாலானவர்கள் குப்பையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. எந்தக் குப்பை நாளைக்குத் தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்? யூஎஸ்ஆர் ஃபோல்டர் ஐம்பது வருடம் தப்பிப் பிழைத்ததும் இதே தயக்கத்தால்தான்.

*

இப்போது கடைசிக் கட்டம். உயிர் டிஸ்க்கை விட்டே வெளியேறுகிறது.

இதன் தொடக்கம் 2001. விண்டோஸ் எக்ஸ்.பி.யோடு ஆக்டிவேஷன் வந்தது. ஹார்ட் டிஸ்க், பிராசஸர், நெட்வொர்க் கார்டு என்று மெஷினின் பத்து அம்சங்களைப் பார்த்து ஓர் அடையாளம் உருவாக்கும். அவற்றில் பல மாறினால், 'நீ அந்த மெஷின் இல்லை, மறுபடி அனுமதி வாங்கு' என்று நிற்கும். முதன்முறையாக இயங்குதளம் தன் உடலைச் சந்தேகப்பட்டது. மூலனின் மனைவி மாதிரி.

பிறகு யூ.இ.எஃப்.ஐ. வந்தது. எங்கிருந்து பூட் ஆவது என்ற குறிப்பு டிஸ்க்கின் முதல் செக்டரிலிருந்து மதர்போர்டின் நினைவுக்குப் போனது. விஸ்டாவோடு பிட்லாக்கர் வந்தது. டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி, சாவியை மதர்போர்டில் உள்ள டி.பி.எம். சிப்புக்குள் முத்திரையிட்டு வைக்கலாம். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். ஆப்பிள் தன் டி2 சிப் மெஷின்களில் சேமிப்பகத்தின் சாவியை அந்தச் சிப்போடு பிணைத்தது. அதன் லேப்டாப்களில் சேமிப்பகம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டே வருகிறது. கழற்ற ஒன்றுமே இல்லை.

இதைத் திட்டித் தீர்ப்பது சுலபம். நான் திட்டப் போவதில்லை. பேருந்தில் லேப்டாப்பைத் தொலைத்தவர்களுக்குத் தெரியும், கழற்றினால் படிக்க முடியாத டிஸ்க் எவ்வளவு பெரிய நிம்மதி என்று. நான் கேட்பது வேறு. சாவி யாரிடம் இருக்கிறது? அந்த 48 இலக்கத்தை எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறார்கள்? அப்படி ஓர் எண் இருப்பதே எத்தனை பேருக்குத் தெரியும்? மதர்போர்டு ஒரு நாள் செத்தால், டிஸ்க் முழு ஆரோக்கியத்தோடு கையில் இருக்கும், உள்ளே பத்து வருடப் புகைப்படங்கள் இருக்கும், திறக்க முடியாது. லிலோ காலத்தில் பூட் ஆகாத டிஸ்க்கையும் இன்னொரு மெஷினில் மாட்டினால் ஃபைல்கள் கிடைத்துவிடும். உயிர் போனாலும் உடைமைகள் மிஞ்சும். இப்போது உயிரும் உடைமையும் ஒரே சிப்பில்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 இல்லாத உடலுக்குள் வர மாட்டேன் என்கிறது. ரிச்சி தெருவில் எஸ்.எஸ்.டி. போட்டு உயிர்ப்பித்த மெஷின்களில் கணிசமானவை இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். நன்றாக ஓடுகிற உடல், ஆனால் புகுவதற்குத் தகுதியில்லை என்று உயிர் சொல்கிறது.

*

2008இல், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வாரன் டூமியும் வேறு சில ஆர்வலர்களும் ஒரு வேலையைச் செய்தார்கள். யூனிக்ஸின் முதல் பதிப்பு ஓடிய மெஷினும் டிஸ்க்கும் பயன்பாட்டை விட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் 1972 ஜூனில் பெல் ஆய்வகத்தில் தயாரான ஓர் உள் ஆவணத்தில் கெர்னலின் நிரல் முழுக்க அச்சாகியிருந்தது. அதன் ஸ்கேன் கிடைத்தது. எழுத்துணரி மென்பொருளில் போட்டு, பிழை திருத்தி, மறுபடி அசெம்பிள் செய்து, பி.டி.பி.-11ஐப் போல நடிக்கும் ஒரு மென்பொருளுக்குள் ஏற்றினார்கள். அங்கே அந்த 512 கிலோபைட் டிஸ்க் என்பது வெறும் ஒரு ஃபைல். யூனிக்ஸ் எழுந்தது. லாகின் கேட்டது.

காகித நாடாவில் தொடங்கிய இயங்குதளம், கடைசியில் காகிதத்திலிருந்தே திரும்பி வந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் யாரிடமும் மீட்பு எண் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு சிப் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதன் உயிர் எங்கே இருக்கிறது என்பது முழுக்க, வரி வரியாக, மனிதர் படிக்கும்படி எழுதி வைக்கப்பட்டிருந்தது. 

நம் மெஷினில் இப்போது ஓடுவதை 2060இல் யாராவது எழுப்பிப் பார்க்க நினைத்தால் என்ன கிடைக்கும் என்று யோசிக்கிறேன். டிஸ்க் கிடைக்கலாம். அதில் உள்ள ஒவ்வொரு பிட்டும் பிசகாமல் கிடைக்கலாம். சாவி என்றோ குப்பையில் போன ஒரு மதர்போர்டில் இருக்கும். இன்றைக்கு நாம் செய்யக்கூடியது சின்ன வேலைதான்: அந்த 48 இலக்கத்தைத் தேடி எடுத்து, ஒரு காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் பீரோவில் வையுங்கள். காகிதம் பூட் ஆக வேண்டியதில்லை.